அணைந்த ஒளியைக் கொண்டு எண்ணுதல்

பற்பசைக் குழாயின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பட்டியலைப் படித்தால் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற பெயர் பெரும்பாலும் கண்ணில் படும். நுரை வருவதற்காகச் சேர்க்கப்படும் டிடர்ஜென்ட் அது. கடைச் சரக்கில் வால் நீளம் கொஞ்சம் கலந்திருக்கும். அதையே 12 கார்பன் வால் கொண்ட மூலக்கூறாக மட்டும் பிரித்துச் சுத்தப்படுத்தினால் சோடியம் டொடெசில் சல்ஃபேட். ஆய்வகப் பேச்சில் எஸ்டிஎஸ். அதன் வால் எண்ணெய்த் தன்மை உடையது, தண்ணீரை ஒதுக்கும். தலையில் எதிர்மின் சுமை, தண்ணீரோடு ஒட்டும். தண்ணீரில் கொஞ்சமாகப் போட்டால் மூலக்கூறுகள் தனித்தனியாகத் திரியும். லிட்டருக்குச் சுமார் 2.3 கிராம், அதாவது 8 மில்லிமோலார் என்ற எல்லையைத் தாண்டியதும் நடப்பது வேறு. புதிதாக வரும் மூலக்கூறுகள் வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே நிறுத்தி, சிறு உருண்டைகளாகத் திரள்கின்றன. இந்த உருண்டைதான் மைசெல். அதன் ஆரம் சுமார் 2 நானோமீட்டர். எண்ணெய்ப் பிசுக்கைத் தண்ணீர் கழுவிக் கொண்டுபோவது இதன் உதவியால்தான்.

ஒரு மைசெல்லில் எத்தனை மூலக்கூறுகள்? பாடநூல்கள் ‘சுமார் 60’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்த 60 எப்படிக் கிடைத்தது என்பதை மாணவர்களுக்குச் சொல்லாமல் விடுவதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன். கரைசலில் எந்நேரமும் கலைந்து கூடிக்கொண்டிருக்கும், கண்ணாடி போலத் தெளிந்த திரவத்தில் எந்தத் தடயமும் காட்டாத ஒரு திரளுக்குத் தலை எண்ணியிருக்கிறார்கள். அதற்குக் கையாண்ட வழிகளில் மிக எளிமையானது, ஒளிரும் மூலக்கூறு ஒன்றை உள்ளே அனுப்பி, அதன் ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக அணைத்து, மிச்சமிருக்கும் ஒளியை அளப்பது.

மைசெல் என்ற கருத்தே சண்டை போட்டுத்தான் நிலைபெற்றது. 1910களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சோப்புக் கரைசல்களை ஆராய்ந்த ஜேம்ஸ் மெக்பெய்ன் ஒரு முரண்பாட்டைக் கண்டார். கரைசலில் இருக்கும் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் அளவீடுகள் குறைவான துகள்களே இருப்பதாகச் சொல்லின; மின்கடத்துத் திறனோ அந்தக் கணக்குக்குப் பொருந்தாமல் அதிகமாக இருந்தது. மின்சுமை கொண்ட மூலக்கூறுகள் பல ஒன்றுகூடித் திரள்களாக நகர்கின்றன என்றால் இரண்டும் பொருந்திவிடும் என்று 1913இல் அவர் முன்வைத்தார். ஒரே மின்சுமை கொண்டவை எப்படி ஒன்றுகூடும் என்ற எதிர்ப்பு எழுந்தது. 1936இல் ஹார்ட்லி அந்தத் திரளுக்குக் கோள வடிவம் கொடுத்து, இன்று நாம் வரையும் படத்துக்கு அடிபோட்டார். 1940களின் இறுதியில் பீட்டர் டிபை ஒளிச்சிதறலைக் கொண்டு திரளின் எடையை அளந்தார். எடை தெரிந்தால் எண்ணிக்கை தெரிந்துவிடும். ஆனால் சிதறல் முறைக்கு ஒரு தூசி கூட எதிரி. போதாததற்கு, மின்சுமை கொண்ட மைசெல்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதும் சிதறலை மாற்றிவிடும். அதற்கும் திருத்தம் போட்டாக வேண்டும். சோப்புக் கரைசலை உள்ளிருந்தே பார்க்கும் வழி தேவைப்பட்டது.

ஒளிரும் மூலக்கூறு ஒளியை விழுங்கி, கிளர்ச்சி நிலைக்கு ஏறி, சில நானோநொடிகளோ சில நூறு நானோநொடிகளோ அங்கே தங்கி, பிறகு நீண்ட அலைநீளத்தில் ஒளியை உமிழ்ந்துவிட்டு இறங்குகிறது. அந்தத் தங்கல் நேரத்துக்குள் இன்னொரு மூலக்கூறு மோதி ஆற்றலைப் பறித்துக்கொண்டால் ஒளி வராது. இதற்குத்தான் தணித்தல் என்று பெயர், பறித்துக்கொள்வது தணிப்பான். கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1852இல் குயினைன் கரைசலின் நீல ஒளியை ஆராய்ந்து, உமிழப்படும் ஒளி விழுங்கப்பட்டதைவிட நீண்ட அலைநீளம் கொண்டது என்று நிறுவினார். மலேரியா மருந்தான அதே குயினைனின் ஒளி, குளோரைடு உப்புகளைச் சேர்த்தால் மங்கிவிடுகிறது என்பதையும் பின்னர் 1869இல் அவரே எழுதினார். உயிருள்ள செல்களுக்குள் குளோரைடு அளவைப் பார்க்க இன்று பயன்படும் சில சாயங்கள் குயினைனின் உறவினரான குயினோலின் வழி வந்தவை. ஸ்டோக்ஸ் கண்ட மங்கலே அவற்றுக்கும் அடிப்படை.

இந்த மங்கலுக்குக் கணக்கு கொடுத்தவர்கள் ஆட்டோ ஸ்டெர்னும் மாக்ஸ் வோல்மரும், ஆண்டு 1919. தணிப்பான் இல்லாதபோது கிடைக்கும் ஒளியை, தணிப்பான் சேர்த்தபின் கிடைக்கும் ஒளியால் வகுத்தால், அந்த விகிதம் தணிப்பானின் செறிவோடு நேர்கோட்டில் ஏறும். கோட்டின் சரிவு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: கிளர்ச்சி நிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது, மோதல் எவ்வளவு வேகமாக நடக்கிறது. ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஒளிரும் மூலக்கூறின் ஆயுள் 100 நானோநொடி; தணிப்பான் 1 மில்லிமோலார்; சாதாரணத் திரவத்தில் இரு மூலக்கூறுகள் சந்திக்கக்கூடிய உச்ச வேகத்தில் ஒவ்வொரு சந்திப்பும் தணிப்பில் முடிகிறது. கணக்கு சரியாகப் பாதி ஒளியில் வந்து நிற்கும். செறிவை இரட்டித்தால் மூன்றில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கின் உயிர்நாடி ஒரே ஓர் எண்ணம்தான்: கரைசலில் எந்த மூலையும் மற்ற மூலையைப் போன்றதே, எல்லோரும் எல்லோரையும் சந்திக்க முடியும். டிடர்ஜென்ட் கரைசலில் அது பொய்த்துப்போகிறது. தண்ணீரை வெறுக்கும் ஒளிர் மூலக்கூறும், அதேபோல் தண்ணீரை வெறுக்கும் தணிப்பானும் மைசெல்லுக்குள் போய் அடைந்துகொள்கின்றன. எஸ்டிஎஸ் மைசெல்லின் எண்ணெய் உள்ளகத்தின் பருமன் ஏறத்தாழ 20 கன நானோமீட்டர். அந்தச் சிற்றிடத்தில் ஒரே ஒரு தணிப்பான் இருந்தாலும் உள்ளே அதன் செறிவு 80 மில்லிமோலாரைத் தொட்டுவிடும். வெளியே மொத்தக் கரைசலில் கணக்கிட்டால் அது 1 மில்லிமோலார்கூட இராது. ஆகவே ஒரு மைசெல்லில் இருவரும் சேர்ந்து அகப்பட்டால் ஒளி தப்பிப்பது அரிது. பக்கத்து மைசெல்லில் இருந்தால், நடுவில் தண்ணீர், ஒருவரையொருவர் எட்டுவதில்லை. எவ்வளவு வேகமாக மோதுகிறார்கள் என்ற கேள்வி இங்கே பின்னுக்குப் போய், ஒரே அறையில் சேர்ந்து மாட்டிக்கொண்டார்களா என்ற கேள்வி முன்னுக்கு வந்துவிடுகிறது.

அப்படியானால் தணிப்பான்கள் மைசெல்களுக்குள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன? முற்றத்தில் நூறு கிண்ணங்களைப் பரப்பிவைத்திருக்கும்போது தூறலில் மொத்தம் நூறு துளிகள் அவற்றில் விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். கிண்ணத்துக்கு ஒரு துளி என்று ஒழுங்காக விழாது. ஏறத்தாழ 37 கிண்ணங்கள் காலியாகவே கிடக்கும். 37இல் ஒரு துளி, 18இல் இரண்டு, 6இல் மூன்று, மிச்சம் ஒன்றிரண்டில் அதற்கும் மேல். பிரெஞ்சுக் கணிதர் புவாசோன் பெயரில் வழங்கும் பரவல் இது. ஒரு துளி விழுந்த இடம் அடுத்த துளியைத் தடுப்பதோ ஈர்ப்பதோ இல்லை என்பது மட்டுமே நிபந்தனை. சராசரி அரைத் துளியாக இருந்தால் 61 கிண்ணங்கள் காலி. இரண்டு துளியாக இருந்தால் 14 மட்டும் காலி. இதையே திருப்பிப் போட்டால், காலிக் கிண்ணங்களின் பங்கை மட்டும் யாராவது சொன்னால்கூட சராசரி எவ்வளவு என்று கண்டுவிடலாம். விழுந்த துளிகளின் மொத்த எண்ணிக்கையும் தெரிந்தால் முற்றத்தில் எத்தனை கிண்ணங்கள் என்பதும் வந்துவிடும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் டூரோவும் அகமது யெக்டாவும் 1978இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் இதழில் செய்தது இவ்வளவுதான். உள்ளே அனுப்பும் ஒளிர் மூலக்கூறை உளவு மூலக்கூறு என்போம்; ஒளி தருவது தணிப்பான் இல்லாத மைசெல்களில் அமர்ந்திருக்கும் உளவு மூலக்கூறுகள் மட்டும். எனவே மிச்ச ஒளியின் பங்கே காலி மைசெல்களின் பங்கு. அதிலிருந்து மைசெல்லுக்கு எத்தனை தணிப்பான் என்ற சராசரி. தணிப்பானின் செறிவை நாமே அளந்து ஊற்றியிருப்பதால் மைசெல்களின் செறிவு. மைசெல்லாகத் திரண்டுள்ள டிடர்ஜென்ட்டின் செறிவை அதனால் வகுத்தால் ஒரு மைசெல்லுக்கு எத்தனை மூலக்கூறு என்ற திரள் எண். லேசர் வேண்டாம், நானோநொடியை அளக்கும் கருவி வேண்டாம். கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண ஒளிர்வுமானி போதும். எஸ்டிஎஸ்ஸுக்கு அவர்கள் கண்ட விடை 60ஐ ஒட்டியே இருந்தது.

எண்களை வைத்துப் பார்த்தால் இதன் நேர்த்தி புரியும். கரைசலில் எஸ்டிஎஸ் 50 மில்லிமோலார். அதில் 8 தனியாகத் திரிகிறது; 42 மைசெல்லில். 0.35 மில்லிமோலார் தணிப்பான் சேர்த்தால் ஒளி 61 விழுக்காட்டுக்கு இறங்குகிறது; 0.70 சேர்த்தால் 37, 1.40 சேர்த்தால் 14. விகிதத்தின் மடக்கையை எடுத்துச் செறிவுக்கு எதிராக வரைந்தால் புள்ளிகள் ஒரே கோட்டில் விழும். 37 விழுக்காட்டுக்கு வரும் இடத்தில் மைசெல்லுக்கு ஒரு தணிப்பான். ஆகவே மைசெல் செறிவு 0.70 மில்லிமோலார். 42ஐ 0.70ஆல் வகுத்தால் 60. ஸ்டெர்ன்–வோல்மர் வழியில் நடந்திருந்தால், அதே 61இல் தொடங்கி 1.40 மில்லிமோலாருக்குப் போகும்போது ஒளி 28 விழுக்காட்டில்தான் நின்றிருக்கும். 28க்கும் 14க்கும் உள்ள இடைவெளி, மூலக்கூறுகள் சிறு அறைகளில் அடைபட்டிருக்கின்றன என்பதற்குச் சாட்சி.

அவர்கள் தேர்ந்த இணையை நான் மிகவும் ரசிப்பதுண்டு. உளவு மூலக்கூறு, மூன்று பைபிரிடின்கள் சூழ்ந்த ருத்தேனியம் அயனி. அதற்கு இரட்டை நேர்மின் சுமை. எதிர்மின் தலைகள் நிறைந்த எஸ்டிஎஸ் மைசெல்லின் பரப்பில் இறுக ஒட்டிக்கொள்ளும். தணிப்பான் 9-மெத்தில் ஆந்த்ரசீன், எண்ணெய்ப் பண்பு மிகுந்தது, மைசெல்லை விட்டு வெளியே வர மனமில்லாதது. ருத்தேனியத்தை 450 நானோமீட்டர் நீல ஒளியால் தூண்டலாம். ஆந்த்ரசீன் அந்த ஒளியைத் தொடவே தொடாது. இது சின்ன விஷயம் இல்லை. தணிப்பானே தூண்டும் ஒளியை விழுங்கிவிட்டால், உளவு மூலக்கூறுக்குப் போதிய ஒளி போய்ச் சேராததால் வரும் மங்கலையும் தணிப்பு என்று எண்ணி ஏமாறுவோம். கறாராகச் சொன்னால் ருத்தேனியத்தின் ஆரஞ்சு–சிவப்பு ஒளி நின்றொளிர்தல் வகையைச் சேர்ந்தது. காற்று நீக்கிய நீரில் அது ஏறத்தாழ 600 நானோநொடி நீடிப்பதும் அதனால்தான்; அந்த நீண்ட ஆயுள், தணிப்பு நடந்து முடியப் போதிய அவகாசம் தருகிறது.

இந்தத் துறையில் ருத்தேனியத்தைவிட அதிகம் பழகிய உளவாளி பைரீன். நான்கு பென்சீன் வளையங்கள் ஒட்டிய, நிலக்கரித் தாரில் கிடைக்கும் பொருள். தண்ணீரில் அது 1 மைக்ரோமோலாருக்கும் குறைவாகவே கரையும். அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் 370 முதல் 400 நானோமீட்டருக்குள் ஐந்து சிகரங்கள் தெரியும். முதல் சிகரம் சுற்றுப்புறத்தின் முனைவுத்தன்மைக்கு ஏற்ப உயர்ந்து தாழும். மூன்றாவது அவ்வளவாக மாறாது. 1977இல் கு. கல்யாணசுந்தரமும் ஜே. கே. தாமஸும் அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட கட்டுரை, இந்த இரு சிகரங்களின் விகிதத்தை ஓர் அளவுகோலாக்கியது. தண்ணீரில் ஏறத்தாழ 1.8, ஹெக்சேன் போன்ற எண்ணெயில் 0.6, எஸ்டிஎஸ் மைசெல்லில் 1.1 அளவில். அந்த 1.1 எத்தனாலில் கிடைக்கும் மதிப்பை ஒட்டியது. அதாவது பைரீன் மைசெல்லின் எண்ணெய் நடுவில் புதைந்து கிடக்கவில்லை. தலைகளுக்கு அருகே, தண்ணீர் எட்டிப் பார்க்கும் இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது. டிடர்ஜென்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே இந்த விகிதத்தை அளந்தால், மைசெல் உருவாகும் எல்லைச் செறிவில் அது சட்டென்று சரியும். துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் இது ஒன்று. பின்னர் ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகருக்குப் போய் மைக்கேல் கிராட்ஸெலின் ஆய்வகத்தில் பணியாற்றிய இந்தக் கல்யாணசுந்தரம்தான், 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கச் செய்தவர். மதுரைத் திட்டத்தின் கோப்புகளைத் தினமும் திறக்கும் தமிழ் வாசகர்களில் பலருக்கு அவருடைய பைரீன் அளவுகோலைத் தெரியாது. மைசெல் ஆய்வாளர்களில் பலருக்கு மதுரைத் திட்டம் தெரியாது. இரண்டையும் அறிந்தவர்கள் இதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

மேசைமேல் இந்தச் சோதனையைச் செய்யும்போது கவனிக்க வேண்டியவை தாளில் வருவதில்லை. பைரீனை நேரடியாகத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் ஆகாது. எத்தனால் போன்ற ஒன்றில் கரைத்து, தேவையான சில துளிகளைக் குடுவையில் விட்டு, கரைப்பானை ஆவியாக விட்டுவிட்டால் சுவரில் கண்ணுக்குத் தெரியாத படலம் தங்கும். அதன்மேல் எஸ்டிஎஸ் கரைசலை ஊற்றி இரவு முழுக்கக் கலக்க வேண்டும். எத்தனை பைரீன் போடுகிறோம் என்பதிலும் கறார் வேண்டும். நூறு மைசெல்லுக்கு ஒன்றிரண்டுக்கு மேல் போகக் கூடாது. ஒரே மைசெல்லில் இரண்டு பைரீன்கள் சேர்ந்தால் அவை இணைந்து 475 நானோமீட்டர் பக்கம் நீலப்பச்சையாக ஒளிரத் தொடங்கும். பைரீனே பைரீனுக்குத் தணிப்பானாகிவிடும். எஸ்டிஎஸ்ஸின் தூய்மையும் முக்கியம். நாள்பட்ட சரக்கில் டொடெகனால் கொஞ்சம் சேர்ந்திருக்கும். அது மைசெல்லுக்குள் புகுந்து எல்லைச் செறிவையும் திரள் எண்ணையும் நகர்த்திவிடும். எத்தனாலில் மறுபடி படிகமாக்கிக்கொள்வது நல்லது. அறை மிகக் குளிர்ந்திருந்தால் எஸ்டிஎஸ் மெல்லிய ஊசிகளாகப் படிந்து கரைசல் கலங்கிவிடும்.

மிகப் பெரிய தொந்தரவு ஆக்சிஜன். காற்றோடு சமநிலையில் உள்ள தண்ணீரில் கால் மில்லிமோலார் அளவுக்கு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது. அதுவே நல்ல தணிப்பான். காற்று நீக்கிய எஸ்டிஎஸ்ஸில் பைரீன் 300 நானோநொடிக்கு மேல் ஒளிரும். காற்று இருந்தால் 200ஐத் தாண்டாது. மற்ற கரைசல்களில் செய்வதுபோல் நைட்ரஜனைக் குமிழியிட்டு ஆக்சிஜனை விரட்டலாம் என்று குழாயை இறக்கினால் நுரை பொங்கிக் குவளையை விட்டு வெளியே வழியும். டிடர்ஜென்ட் என்பதை மறந்ததன் விளைவு. ஆகவே நைட்ரஜனைத் திரவத்தின் மேற்பரப்பின் மேலே மெதுவாக ஓடவிட்டு நேரம் கொடுப்பார்கள். அல்லது கரைசலை உறையவைத்து, மேலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, உருகவிட்டு, மறுபடி உறையவைத்து என்று சில சுற்று நடத்துவார்கள். குவார்ட்ஸ் குவளையில் ஒரு நுரைக்குமிழி ஒளியின் பாதையில் நின்றுவிட்டால் அளவு தாறுமாறாகும். அது உடையும்வரை காத்திருக்க வேண்டும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும், கிடைக்கும் எண் சில நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. உளவு மூலக்கூறும் தணிப்பானும் ஒளி உமிழும் நேரத்துக்குள் மைசெல் மாறிக்கொள்வதில்லை என்பது முதலாவது. அது பைரீனுக்கு உறுதியாகப் பொருந்தும்: எஸ்டிஎஸ் மைசெல்லிலிருந்து பைரீன் வெளியேற ஏறத்தாழ 250 மைக்ரோநொடி ஆகும், அதன் ஒளியாயுளைப் போல் பல நூறு மடங்கு. ஆனால் பென்சீன் ஒன்று கால் மைக்ரோநொடிக்குள் வெளியேறிவிடும். அதைப் போல ஓடித்திரியும் ஒன்றைத் தணிப்பானாக்கினால் கணக்கு குலையும். எஸ்டிஎஸ் மூலக்கூறுகளேகூட ஒவ்வொன்றும் ஒரு மைசெல்லில் சில மைக்ரோநொடிகள்தான் தங்குகின்றன. 60 என்று நாம் சொல்லும் திரளில் உறுப்பினர்கள் இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். எண்ணிக்கை மட்டும் ஏறத்தாழ நிற்கிறது. ஒளி இறங்கும் நேரம் அதைவிடச் சிறியது என்பதால்தான் அந்த எண்ணிக்கையைப் பிடிக்க முடிகிறது.

இரண்டாவது நம்பிக்கைதான் உண்மையில் ஆபத்தானது: ஒரே மைசெல்லில் சேர்ந்து மாட்டினால் தணிப்பு உடனடியாக நடந்துவிடும் என்பது. சிறிய எஸ்டிஎஸ் மைசெல்லில் இது ஏறக்குறையச் சரி. மைசெல் பெரிதானால், உள்ளே பிசுபிசுப்பு அதிகமானால், தணிப்பானைச் சந்திப்பதற்கு முன்பே சில உளவு மூலக்கூறுகள் ஒளியை விட்டுவிடும். அந்தக் கசிந்த ஒளியை நாம் காலி மைசெல்களின் ஒளியாக எண்ணிக்கொள்வோம். காலி அதிகம் என்றால் மைசெல்கள் அதிகம். மைசெல்கள் அதிகம் என்றால் ஒவ்வொன்றிலும் ஆள் குறைவு. திரள் எண் உண்மையைவிடச் சிறியதாகவே வரும். தணிப்பானில் ஒரு பங்கு தண்ணீரிலேயே தங்கிவிட்டாலும் பிழை இதே திசையில்தான். டூரோ–யெக்டா முறை எளிது என்பதற்காகவே நீள மைசெல்களுக்கும் கலப்பு மைசெல்களுக்கும் அதைக் கேள்வி கேட்காமல் பொருத்தியவர்கள் ஏராளம். 1980களின் தொடக்கத்திலேயே ஆல்ம்கிரெனும் லோஃப்ரோத்தும் இந்தக் குறையைச் சுட்டி, திருத்தம் சொன்னார்கள். அதைப் படிக்காமல் எழுதப்பட்ட திரள் எண்களை நம்புவதற்குமுன், எந்த இணையைப் பயன்படுத்தினார்கள், ஆயுள் எவ்வளவு என்று நான் பார்ப்பேன்.

எல்லைச் செறிவின் பிழை இன்னும் எளிதாக உள்ளே நுழையும். 50 மில்லிமோலார் கரைசலில் எல்லைச் செறிவை 8க்குப் பதில் 7 என்று எடுத்தால் திரண்ட அளவு 42இலிருந்து 43 ஆகும், பொருட்படுத்த வேண்டாம். 10 மில்லிமோலார் கரைசலில் அதே பிழை 2ஐ 3 ஆக்கிவிடும். திரள் எண் ஒன்றரை மடங்கு. எல்லைச் செறிவுக்கு அருகில் அளந்து பெற்ற எண்களில் ‘மைசெல் வளர்கிறது’, ‘சுருங்குகிறது’ என்று கண்டதெல்லாம் இந்தக் கழித்தலின் விளையாட்டாக இருந்துவிடக்கூடும்.

இவற்றுக்கெல்லாம் நேர்மையான மருந்து, ஒளியின் மொத்த அளவை மட்டும் பார்க்காமல், நேரத்தோடு அது எப்படி அணைகிறது என்று பார்ப்பது. இன்ஃபெல்ட்டா, கிராட்ஸெல், தாமஸ் ஆகியோர் 1974இலும் ஜப்பானின் தாச்சியா 1975இலும் இதற்கான கணக்கைத் தந்திருந்தார்கள். எளிய முறை வந்தது அதற்குப் பின்னர்தான். குறுகிய ஒளித்துடிப்பால் தூண்டிவிட்டு, ஒளி குறைவதை மடக்கை அளவில் வரைந்தால் வளைகோடு இரண்டு குணங்களைக் காட்டும். தொடக்கத்தில் செங்குத்தாக ஒரு சரிவு: தணிப்பானோடு சேர்ந்து அகப்பட்டவை அணைகின்றன. பிறகு ஒரு நீண்ட நேர்வால். தணிப்பான் இல்லாத கரைசலின் கோட்டுக்கு அது அச்சுப் பிசகாமல் இணையாக ஓடும். அந்த வால் காலி மைசெல்களுக்கு உரியது. அதைத் தொடக்க நேரத்துக்குப் பின்னோக்கி நீட்டினால் காலி மைசெல்களின் பங்கு நேராகக் கிடைக்கும். தணிப்பு உடனடியாக நடந்ததா, தாமதமாக நடந்ததா என்ற கேள்வி குறுக்கே வராது. தணிப்பின் வேகமும் செங்குத்துச் சரிவிலிருந்து தனியாகக் கிடைக்கும். வால் இணையாக ஓடவில்லை என்றால், தணிப்பான்கள் மைசெல் விட்டு மைசெல் தாவுகின்றன என்று அர்த்தம். முதல் நம்பிக்கை பொய்யென்று அளவீடே சொல்லிவிடுகிறது.

இப்படி அளந்தபோது தெரிந்த ஒன்று, 60 என்பது எஸ்டிஎஸ்ஸின் மாறாத குணம் இல்லை என்பது. 0.1 மோலார் சோடியம் குளோரைடு சேர்த்தால் எல்லைச் செறிவு 1.5 மில்லிமோலார் பக்கம் இறங்கிவிடும், திரள் எண் 90ஐ ஒட்டி ஏறும். உப்பின் சோடியம் அயனிகள் எதிர்மின் தலைகளுக்கிடையே உள்ள விலக்கத்தை மட்டுப்படுத்துவதால் தலைகள் நெருங்கி நிற்க முடிகிறது. உப்பை இன்னும் பலமடங்கு கூட்டினால் உருண்டை கோலாக நீளத் தொடங்கும். கோலின் ஒரு முனையில் இருக்கும் பைரீன் மறுமுனையில் இருக்கும் தணிப்பானைத் தன் ஆயுளுக்குள் எட்டாது. அங்கே ‘ஒரு மைசெல்’ என்ற அறைக் கணக்கே பொருந்தாமல் போகும்.

இதுவரை தணிப்பானை மைசெல்லை எண்ணும் கருவியாகப் பார்த்தோம். மைசெல்லின் மின்சுமை தணிப்பானின் குணத்தையே மாற்றிவிடும் ஒரு நிகழ்ச்சியும் உண்டு, அதன் பயன் ஆய்வகத்துக்கு வெளியே வரக்கூடியது. டீசல் புகை, விறகடுப்புப் புகை, தார் இவற்றில் பென்சீன் வளையங்கள் பல ஒட்டிய சேர்மங்கள் நூற்றுக்கணக்கில் கலந்திருக்கின்றன. அவற்றில் பென்சோ-ஏ-பைரீன் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானது. கலவையில் எது எது என்று பிரித்தறிவது பெரும் பாடு, ஏனெனில் பல ஒன்றுபோலவே ஒளிரும். பைரீனையும் ஃபுளோரந்தீனையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 16 கார்பன், 10 ஹைட்ரஜன். எடையில் வேறுபாடே இல்லை. ஆனால் பைரீனில் எல்லாம் அறுகோணங்கள். கார்பன்களை ஒன்றுவிட்டு ஒன்று புள்ளி வைத்துக்கொண்டே போனால், புள்ளி வைத்த இரண்டு எங்கும் அடுத்தடுத்து வராது. ஃபுளோரந்தீனில் ஓர் ஐங்கோணம் இருக்கிறது. ஐந்து ஒற்றைப்படை என்பதால் எங்காவது புள்ளிகள் இரண்டு ஒட்டிவிடும். நைட்ரோமீத்தேன் என்ற திரவம் முதல் வகையின் ஒளியைத் தணிக்கும், இரண்டாம் வகையைத் தொடாது. இது 1960களிலிருந்தே பகுப்பாய்வாளர்கள் கையாளும் விதி.

1990களில் வட டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஏக்ரீயின் குழு இந்த விதியை மைசெல்களுக்குள் சோதித்தது. தலையில் நேர்மின் சுமை உடைய செட்டில்ட்ரைமெத்தில் அம்மோனியம் மைசெல்லில் விதி அப்படியே நின்றது. எதிர்மின் தலைகள் கொண்ட எஸ்டிஎஸ்ஸில் விதி உடைந்தது: ஐங்கோணம் உள்ளவற்றின் ஒளியும் அணைந்தது. நைட்ரோமீத்தேன் ஒளிர் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானை இழுக்கும்போது அந்த மூலக்கூறில் சற்றே நேர்மின் சுமை தோன்றுகிறது. பக்கத்தில் எதிர்மின் சல்ஃபேட் தலைகள் இருந்தால் அந்தச் சுமைக்கு ஆதரவு கிடைக்கிறது, சாதாரணமாக நடக்காத எலக்ட்ரான் இழப்பு நடந்துவிடுகிறது. நேர்மின் தலைகள் அந்த ஆதரவைத் தருவதில்லை. ஆகவே புகைக்கரியில் இருந்து எடுத்த கலவையை டிடர்ஜென்ட் கரைசலில் வைத்து நைட்ரோமீத்தேனால் பிரித்தறிய நினைப்பவர், கையருகே இருக்கிறது என்பதற்காக எஸ்டிஎஸ் புட்டியை எடுக்கக் கூடாது. எடுத்தால் ஃபுளோரந்தீன் வகையைச் சேர்ந்தவையும் மங்கி, பைரீன் வகைக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.